நம்பாதவர் நம்பத் தொடங்கியபோது: ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

குடும்ப ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பதியைப் பற்றிய பதிவு இது. இருவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் எந்த மதத்தின் வழியாக நம்பிக்கைக்கு வந்தார் என்பதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இந்த நிகழ்வைக் கேட்பவர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்த வீட்டுக்குள் நடந்தவற்றில் பெரும்பகுதி எந்த மதமாக இருந்தாலும் நடந்திருக்கும்.

## பின்னணி

கணவருக்கு 44 வயது, இயந்திரப் பராமரிப்புப் பொறியாளர். மனைவிக்கு 42, ஆய்வகத்தில் வேலை. மகளுக்கு 14, மகனுக்கு 9. இளம் வயதில் ஒரு பகுத்தறிவு வாசிப்பு வட்டத்தில் சந்தித்து, பழகி, கல்யாணம் செய்துகொண்டவர்கள். கல்யாணத்தை எப்படி நடத்துவது, பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைப்பது, யாரோடு பழகுவது என்று அவர்கள் எடுத்த முடிவுகள் எல்லாவற்றிலும் கடவுள் மறுப்பு இருந்தது. சாவைப் பற்றியும் இருவருக்குள் ஒரு பேச்சு இருந்தது. செத்த பிறகு ஒன்றும் இல்லை, இருக்கும் காலத்தில் ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அது. உடல்தானப் படிவத்தில் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டவர்கள்.

என்னிடம் வருவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பு மகனுக்குக் கடும் காய்ச்சல் வந்து, சில நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். அங்கே வெளியே காத்திருந்தபோது கணவர் மனத்துக்குள் யாரிடமோ பேசத் தொடங்கினார். பயத்தில் வருவது என்று தனக்கே விளக்கமும் சொல்லிக்கொண்டார். பையன் பிழைத்து வீட்டுக்கு வந்தான், பயம் போனது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. அவரைக் குழப்பியது அதுதான். பயத்தால் வந்தது என்றால் பயத்தோடு போயிருக்க வேண்டுமே என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாராம். படித்தார், யோசித்தார், பல மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு சிறிய வழிபாட்டுக் குழுவுக்கு ரகசியமாகப் போகத் தொடங்கினார்.

## முதலில் வந்த புகார்

மனைவி என்னிடம் கொண்டுவந்த புகாரில் கடவுளே இல்லை. கணவருக்கு வேறு ஒரு பெண்ணோடு தொடர்பு இருக்கிறது என்று சந்தேகப்பட்டார். அதற்குக் காரணங்கள் இருந்தன. காலையில் வேலைக்குக் கிளம்பியவர் தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறார். வாரத்தில் ஒரு மாலை எங்கே போகிறார் என்று தெரியவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறார். பழைய நண்பர்கள் கூப்பிட்டால் சாக்குச் சொல்கிறார். கேட்டால், "வேலைப் பளு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இருவரும் சேர்ந்து வந்த ஓர் அமர்வில் அவர் உண்மையைச் சொன்னார்: "வேற யாரும் இல்ல. நான் கடவுளை நம்ப ஆரம்பிச்சிட்டேன்." மனைவி முதலில் சிரித்துவிட்டார், நிம்மதியில். அடுத்த அமர்வுக்குள் அந்த நிம்மதி கோபமாகியிருந்தது. "வேற ஒருத்தி இருந்திருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். இது புரியல" என்றார்.

மறைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை. கணிதமேதை பிளேஸ் பாஸ்கல் 1654 நவம்பர் 23 இரவு தனக்கு நேர்ந்த இறையனுபவத்தை எழுதி, மேலங்கியின் உள்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டார். 1662-ல் அவர் இறந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. புதிதாக வந்த நம்பிக்கையை ஒளித்து வைப்பது அப்படியொன்றும் அபூர்வமில்லை. கேலிக்கு உள்ளாகும் பயம் இருக்கலாம், இன்னும் உறுதியாகாத ஒன்றை வெளியில் சொல்லக் கூச்சம் இருக்கலாம். ஆனால் பாஸ்கலுக்கு மனைவி இல்லை.

## நோயா என்று பார்த்தது

நடுவயதில், அதுவரை மதநாட்டமே இல்லாத ஒருவருக்கு ஆழ்ந்த நம்பிக்கை வந்தால் உடல்நலக் கேள்வியையும் கேட்க வேண்டும். இருமுனையக் கோளாறின் எழுச்சி நிலை, மனச்சிதைவின் தொடக்கம், மூளையின் பொட்டுப் பகுதியில் வரும் வலிப்பு ஆகியவற்றில் திடீர் மதத் தீவிரம் ஓர் அறிகுறியாக வரலாம். தூக்கம் குறைந்தும் களைப்பில்லாமல் இருக்கிறாரா, கண்டபடி செலவழிக்கிறாரா, தான் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்கிறாரா, கட்டளையிடும் குரல் கேட்கிறதா, நினைவு தப்பும் கணங்கள் உண்டா என்று விசாரித்தேன். எதுவும் இல்லை. வேலையில் ஒழுங்காக இருந்தார், நன்றாகத் தூங்கினார். இருந்தாலும் மனநல மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினேன். அவரும் நோய் எதுவும் இல்லை என்றார்.

இந்தப் பரிசோதனையை மனைவி எதிர்பார்ப்போடுதான் பார்த்தார். நோய் என்று முடிவு வந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். நோய் இல்லை என்றதும், "அப்ப இது அவரேதானா?" என்று கேட்டார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், மனநோய்களை வகைப்படுத்தி 1994-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்-4 கையேட்டில் மதம் அல்லது ஆன்மிகம் சார்ந்த பிரச்சினை என்று ஒரு வகையைச் சேர்த்தது. நம்பிக்கை இழப்பு, புதிய நம்பிக்கைக்கு மாறுவது போன்றவை அதில் வரும். அதை மனநோய்களோடு வைக்காமல், நோயாக இல்லாவிட்டாலும் கவனம் தேவைப்படும் நிலைகளோடு வைத்தார்கள். இந்த வீட்டு நிலைமைக்கு அதுவே பொருத்தமாக இருந்தது.

## கவனித்தவை

நம்பிக்கை வந்தால் மன அமைதி வரும் என்பது பொதுவான எண்ணம். இவரிடம் முதல் சில மாதங்களில் நான் பார்த்தது அதிகமான குற்ற உணர்வு. முன்பு செய்த தவறுகள் அவர் மனத்தில் பழைய செய்தி போலக் கிடந்தன. இப்போது அவற்றுக்குக் கணக்குக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று ஆகிவிட்டது. எதிலும் தப்பிக்க முடியாது என்ற எண்ணம் அவரை வாட்டியது. தூங்கினார், வேலை பார்த்தார், ஆனால் முகம் இறுகியிருந்தது.

கோபம் குறையவில்லை. மகனிடம் கத்துவது அப்படியே இருந்தது. மனைவி இதைக் குத்திக்காட்டினார்: "இதுக்கு எதுக்கு ஒரு கடவுள்?" ஒரு மாற்றத்தை மட்டும் மனைவியே ஒப்புக்கொண்டார். வாதத்தில் ஜெயிக்கும் பழக்கம் அவரை விட்டுப் போயிருந்தது. முன்பு எந்தப் பேச்சிலும் கடைசி வார்த்தை அவருடையதாகத்தான் இருக்குமாம்.

குழுவில் சிலர் அவருக்குச் சொன்ன இரண்டு விஷயங்கள் வீட்டில் சேதம் செய்தன. விடாமல் பிரார்த்தித்தால் மனைவியும் மாறுவாள் என்றார் ஒருவர். உன் பழைய வாழ்க்கை முழுக்க இருட்டு என்றார் இன்னொருவர். இரண்டாவது பேச்சு மனைவி காதுக்கு எட்டியபோது, அந்த இருட்டில் தானும் இருந்ததை அவர் நினைவுபடுத்தினார்.

மனைவியின் எதிர்ப்பை நான் தொடக்கத்திலிருந்தே கூர்ந்து கேட்டேன். மேலே கோபம், அடியில் துக்கம். தனியாக வந்த ஓர் அமர்வில் சொன்னார்: "நாம ரெண்டு பேரும் ஒருநாள் இல்லாமப் போவோம்னுதான் ஒருத்தரை ஒருத்தர் இறுக்கிப் பிடிச்சிருந்தோம். இப்ப அவருக்கு அதுக்கப்புறமும் காலம் இருக்கு. எனக்கு இல்ல. என்கூட இருக்கிற நாளு அவருக்கு முன்ன மாதிரி முக்கியமா இருக்குமா?" இந்தக் கேள்வியைக் கணவர் எதிர்பார்க்கவே இல்லை. கடவுள் உண்டா என்ற வாதத்துக்குத் தயாராக வந்திருந்தார், இதற்குத் தயாராக இல்லை.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கடவுள் உண்டா இல்லையா என்ற வாதம் அமர்வுக்குள் வேண்டாம் என்பது முதல் முடிவு. இருவரும் அதில் தேர்ந்தவர்கள். விட்டால் ஒவ்வொரு மணி நேரமும் அதிலேயே போயிருக்கும். என் நிலைப்பாடு என்ன என்று இருவருமே கேட்டார்கள், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவருக்கு நான் கட்சிக்காரனாகியிருப்பேன். மத அனுபவங்களை ஆராய்ந்த வில்லியம் ஜேம்ஸ், 1902-ல் வெளியான தன் உரைகளில், அவற்றை எங்கிருந்து முளைத்தன என்று பார்த்து எடைபோடாமல் என்ன காய்க்கின்றன என்று பார்க்கச் சொன்னார். வீட்டுக்குள் அந்த அளவுகோல் எளிதாக வேலை செய்கிறது. நேரம், பணம், பிள்ளைகள், பேச்சு ஆகியவற்றில் என்ன மாறியது என்று மட்டும் கேட்டோம்.

திரும்பப் பெற முடியாத முடிவு எதையும் அடுத்த ஆறு மாதங்களுக்கு எடுப்பதில்லை என்பது இரண்டாவது. வேலையை விடுவது, பெரிய நன்கொடை, பிள்ளைகளை வழிபாட்டுக்குக் கூட்டிப் போவது எல்லாம் இதில் அடங்கும். கணவர் கொஞ்சம் முரண்டு பிடித்தார். உண்மை தெரிந்த பிறகு எதற்குக் காத்திருக்க வேண்டும் என்றார். ஆறு மாதத்தில் உண்மை கெட்டுப்போகாது என்றேன். சரி என்று ஒப்புக்கொண்டார்.

மறைப்பு இனிக் கிடையாது என்பது மூன்றாவது. வழிபாட்டுக்குப் போகும் நாளும் நேரமும் வீட்டு நாட்காட்டியில் எழுதப்பட்டன. காரில் உட்கார்ந்து பிரார்த்திப்பதை விட்டு வீட்டிலேயே ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாம், மனைவி அதைப் பற்றிக் கேலி பேசக் கூடாது என்று பேசிக்கொண்டோம். கேலி உடனே நிற்கவில்லை, மெல்ல நின்றது.

நான்காவது, அவர் சம்மதத்தோடு குழுவின் மூத்தவர் ஒருவரிடம் நான் பேசியது. நிதானமானவர். மனைவியை மாற்றும் பேச்சைக் குழுவில் யாரும் எடுக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வீட்டு விவகாரம் சரியாகும்வரை வாரம் ஒரு தடவைக்கு மேல் வராதே என்று கணவரிடமும் சொன்னார். அதை நான் சொல்லியிருந்தால் கணவர் கேட்டிருக்க மாட்டார்.

## தம்பியின் பங்கு

ஆறு மாதக் கெடுவுக்கு நடுவிலேயே இது வெடித்தது. பல ஆண்டுகளுக்கு முன் குடும்பச் சொத்தை விற்றபோது பத்திர வேலைகளைக் கணவர்தான் பார்த்தார். வெளியூரில் இருந்த தம்பிக்குச் சேர வேண்டியதில் ஒரு பகுதி இவரிடமே தங்கிவிட்டது. முதலில் கணக்குப் பிழை, பிறகு தெரிந்தே சொல்லாமல் விட்டது. மனைவிக்கும் தெரியாது. அந்தத் தொகையை இப்போது வட்டியோடு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். மகளின் மேற்படிப்புக்குச் சேர்த்ததில் பாதிக்கு மேல் போய்விடும்.

அமர்வில் மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "திருப்பிக் கொடுக்கணும், அதுல சந்தேகமே இல்ல. எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே கொடுக்கச் சொல்லியிருப்பேன். இதைச் செய்ய உனக்கு ஒரு கடவுள் வேண்டியிருந்ததா?"

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் இடம் இதுதான். அவரை நேர்மைக்குக் கொண்டுவந்தது நம்பிக்கை. மனைவியோ அந்த நேர்மையை நம்பிக்கை இல்லாமலே வைத்திருந்தார். கணவருக்கு இது பெரிய அடி. தன் பழைய வாழ்க்கை கடவுள் இல்லாததால் கெட்டது என்று அவர் வைத்திருந்த விளக்கம் அங்கேயே உடைந்தது. கடவுளை மறுக்கும் மனைவி பக்கத்திலேயே நேராக இருந்திருக்கிறார். தன் தவறைக் கடவுள் மறுப்பின் கணக்கில் எழுத முடியாது, தன் கணக்கில்தான் எழுத வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் பேசத் தொடங்கினார். மனைவியை மாற்ற வேண்டும் என்ற ஆசையும் அன்றோடு தணிந்தது என்று பின்னொரு நாள் சொன்னார்.

பணத்தைக் கொடுப்பது மட்டும் திரும்பப் பெற முடியாத முடிவுகளின் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. கடனைத் தீர்ப்பது புது வாழ்க்கையின் வேகத்தில் எடுக்கும் முடிவு இல்லை என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் மகளின் பணத்தைத் தொடக் கூடாது என்பதில் மனைவி உறுதியாக இருந்தார், நானும் அந்தப் பக்கம்தான். அப்பாவின் தவறுக்கு மகள் ஏன் கட்ட வேண்டும்? கூடுதல் நேர வேலையில் வரும் பணத்திலிருந்து தவணையாகக் கொடுப்பது என்று முடிவாயிற்று. தம்பிக்கு எழுதும் கடிதத்தில் கடவுளைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம் என்று மனைவி சொன்னார். கணவர் யோசித்துவிட்டு அதையும் ஏற்றுக்கொண்டார்.

தம்பி பணத்தை வாங்கிக்கொண்டார். கட்டிப்பிடித்து அழும் காட்சி எதுவும் நடக்கவில்லை. இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று ஒரே ஒரு தடவை கேட்டார். இன்றுவரை பேச்சு அளவோடுதான் இருக்கிறது.

## பிள்ளைகள்

மகனுக்குப் பெரிய சிக்கல் இல்லை. செத்துப்போன தாத்தா எங்கேயாவது இருக்காரா என்று அப்பாவிடம் கேட்டான். முன்பே பேசி வைத்தபடி, "இருக்கார்னு நான் நம்புறேன், அம்மா அப்படி நம்பல, நீ பெரியவன் ஆனதும் யோசிச்சுக்கோ" என்றார். பையன் விளையாடப் போய்விட்டான்.

மகள்தான் மிகக் கடுமையாக இருந்தாள். சின்ன வயதிலிருந்து கடவுள் இல்லை என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அப்பா. பள்ளியில் அதற்காகத் தோழிகளோடு சண்டை போட்டு, தனியாகவும் ஆகியிருக்கிறாள். "நான் உங்களுக்காகச் சண்டை போட்டேன், நீங்க அந்தப் பக்கம் போயிட்டீங்க" என்றாள். அவர் விளக்கம் சொல்லப் போக, அவள் எழுந்து போய்விட்டாள். சில வாரங்கள் கழித்து அவர் மன்னிப்புக் கேட்டார். மனம் மாறியதற்காகக் கேட்கவில்லை. யோசிக்க இடம் கொடுக்காமல் முடிந்த முடிவாக எல்லாவற்றையும் சொல்லி வளர்த்ததற்காகக் கேட்டார். இப்போதும் அதே உறுதியோடு வேறொன்றைச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். மகள் பேசத் தொடங்கினாள், ஆனால் கிண்டலோடுதான்.

## நண்பரின் சாவு

வாசிப்பு வட்டத்தில் செய்தி பரவியதும் பெரும்பாலானவர்கள் விலகினார்கள். ஒருவர் மட்டும் முன்போலவே வீட்டுக்கு வந்து போனார். வருவார், வாதிடுவார், சிரிப்பார், கிளம்புவார். அமர்வுகள் தொடங்கிப் பத்து மாதம் ஆனபோது அவர் ஒரு விபத்தில் இறந்துபோனார்.

கணவர் நொறுங்கிவிட்டார். கடவுள் மேல் கோபம், அந்தக் கோபத்தின் மேல் வெட்கம். வழிபாட்டுக்குப் போவதை நிறுத்தினார். நம்பிக்கைக்கு வருபவர்களிடம் இப்படியொரு கட்டம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டும், அதை அலட்சியமாகவும் விடக் கூடாது. மருத்துவமனையில் இருந்த 55 வயதுக்கு மேற்பட்ட 596 நோயாளிகளை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2001-ல் வெளியானது. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார், தண்டிக்கிறார் என்பது போன்ற போராட்டத்தில் இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் கூடியிருந்ததாக அது சொன்னது. நம்பிக்கை மருந்தாவதும் உண்டு, சுமையாவதும் உண்டு.

அவரை மறுபடி குழுவுக்கு அனுப்பியது மனைவி. "என்கிட்ட கேட்டா, விபத்து, அவ்வளவுதான்னு சொல்லுவேன். உனக்கு அது போதல. போதுற இடத்துல போய்க் கேளு" என்றாராம். அங்கே மூத்தவர் பதில் எதுவும் சொல்லவில்லை. கோபத்தையும் பிரார்த்தனையாகச் சொல்லலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சில வாரங்களில் அவர் பழைய நிலைக்கு வந்தார். ஆனால் முதல் மாதங்களில் இருந்த அந்தத் தீவிரம் திரும்பவில்லை. எனக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது.

## விளைவு

அமர்வுகள் முடிந்தபோது தம்பதி சேர்ந்தே இருந்தார்கள். அவர் நம்புகிறார், மனைவி நம்பவில்லை. தம்பியின் தவணை ஓடிக்கொண்டிருந்தது. குற்ற உணர்வு, கொடுக்க வேண்டியதைக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் குறைந்தது, பிரார்த்தனையால் மட்டும் குறையவில்லை என்று அவரே சொன்னார். மகனிடம் கத்திவிட்டால் அன்றைக்கே போய் மன்னிப்புக் கேட்கிறார். கத்துவது முன்பைவிடக் குறைவு, நிற்கவில்லை. நண்பர்கள் விஷயத்தில் இழப்பு இழப்புதான். குழுவில் கிடைத்த பழக்கங்கள் அந்த இருபதாண்டு நட்புக்கு ஈடாகவில்லை.

குழு அவருக்கு உதவியதா, நம்பிக்கை உதவியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்கச் செவிலியர்கள் 74,534 பேரை 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் கூட்டு வழிபாட்டுக்குப் போனவர்களிடம் போகாதவர்களைவிட இறப்பு 33 சதவீதம் குறைவாக இருந்தது. அங்கே அளந்தது கூட்டத்துக்குப் போவதை, உள்ளத்தில் இருக்கும் நம்பிக்கையை அல்ல. தனியாகக் காரில் உட்கார்ந்து ரகசியமாக நம்பிய காலத்தைவிட, நான்கு பேரோடு உட்கார்ந்து வெளிப்படையாக நம்பிய காலத்தில் இவர் நன்றாக இருந்தார் என்பது மட்டும் என் கண்ணால் பார்த்தது.

உடல்தானக் கையெழுத்தை அவர் மாற்றவில்லை. கொண்டுபோவதற்கு முன் ஒரு பிரார்த்தனை நடக்க வேண்டும் என்று கேட்டார். மனைவி ஒத்துக்கொண்டார், தன் சாவில் அப்படி எதுவும் நடக்கக் கூடாது என்று பதிலுக்கு எழுதி வாங்கிக்கொண்டார். நான் நம்பாவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்று நினைக்கிறாய் என்று மனைவி ஒருநாள் கேட்டதற்கு, தெரியாது என்றார் கணவர். வேறு பதில் எதையும் மனைவி ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

## அடுத்த முறை

இது போன்ற தம்பதி இப்போது வந்தால் மூத்த பிள்ளையை முதல் மாதத்திலேயே உள்ளே சேர்ப்பேன். பெற்றோர் இருவரையும்விட அந்தப் பெண்ணின் உலகம்தான் அதிகம் ஆடிப்போனது, அவளோடு பேசத் தொடங்க வெகுநாள் ஆகிவிட்டது. ஆறு மாத நிறுத்தத்தை வாய்ப்பேச்சாக வைக்காமல், எது கடன், எது புது முடிவு என்று முதலிலேயே பிரித்து எழுதிக்கொள்வேன். பழைய தவறுகளைச் சரிசெய்யும் ஆசை வந்திருக்கிறதா, அதில் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறதா என்பதை மூன்றாவது நபர் வழியாகவோ சண்டையின் நடுவிலோ தெரிந்துகொள்வதைவிட நேராகக் கேட்டுவிடுவது மேல்.

நம்பாத துணைக்குத் தனி அமர்வுகள் கூடுதலாகத் தேவை. அவருடைய துக்கத்துக்குச் சுற்றியிருக்கும் யாரும் ஆறுதல் சொல்ல வருவதில்லை. நம்பிக்கைக்கு வந்தவர்கள் அவரைத் தடையாகப் பார்க்கிறார்கள், பழைய நண்பர்கள் அவரைத் தோற்றவராகப் பார்க்கிறார்கள். இந்த மனைவி வாசிப்பு வட்டத்துக்குத் தொடர்ந்து போனார், ஒவ்வொரு முறையும் "உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்ற கேள்வியைத் தாங்கிக்கொண்டு. அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே கடைசி அமர்வுகளில்தான்.